ஆஸ்கார் கிடைக்கலங்கறது மட்டுமா ஃபெர்னாண்டா மான்டெநெக்ரோ கதை?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்க சினிமா பக்கத்துல பிரேசில் படங்களைப் பத்தி வந்த கட்டுரைய படிச்சேன். 'ஐம் ஸ்டில் ஹியர்' படத்தப் பத்தி விரிவா எழுதியிருந்தீங்க, 2025 மார்ச்சுல அது ஆஸ்கார் வாங்கினது பிரேசிலுக்கு எவ்வளவு பெரிய விஷயம்னும் சொல்லியிருந்தீங்க, அதெல்லாம் சரிதான், அந்த நாட்டுக்குக் கிடைச்ச முதல் ஆஸ்கார் அது. ஆனா அதுல நடிச்ச ஃபெர்னாண்டா மான்டெநெக்ரோவப் பத்தி ஒரே ஒரு வரிதான் வந்திருந்துச்சு. 1999ல ஆஸ்காரைக் கோட்டை விட்டவங்க, இப்ப ஹீரோயினா நடிச்ச ஃபெர்னாண்டா டோரஸோட அம்மா, கௌரவ வேடத்துல வர்றாங்க, அவ்வளவுதான். அத படிச்சதுல இருந்து மனசு ஆறவே இல்ல, அதான் எழுதுறேன். கொஞ்சம் நீளமா போகும், தயவுசெஞ்சு முழுசா படிங்க.

உங்க பேப்பர மட்டும் சொல்லல. அந்தம்மா பேர் வர்ற இடத்துல எல்லாம் இதே கதைதான் ஓடுது. கேட் பிளான்செட், மெரில் ஸ்ட்ரீப், எமிலி வாட்சன் எல்லாரும் இருந்த லிஸ்ட்ல இவங்களும் இருந்தாங்க, கடைசில க்வினெத் பேல்ட்ரோ வாங்கிட்டுப் போயிட்டாங்க, அநியாயம், அப்படின்னு. அநியாயமாவே இருக்கட்டும், ஆனா 1929ல பிறந்து, பதினஞ்சு பதினாறு வயசுல ரேடியோல பேச ஆரம்பிச்சு, தொண்ணூறைத் தாண்டியும் கேமரா முன்னாடி நின்ன ஒருத்தங்களோட எண்பது வருஷ உழைப்ப ஒரே ஒரு ராத்திரியில போய் நிறுத்தி அளக்கறது நியாயமா சொல்லுங்க? அதுலயும் அவங்க வேலையில பாதிக்கு மேல டிவியிலயும் மேடையிலயும் நடந்தது, அதப் பத்தி யாருமே வாயத் திறக்கறதில்ல. டிவி நடிப்புன்னா ரெண்டாம் தரம்ங்கற நினைப்பு நமக்கு ஆழமா ஊறிப் போயிருக்கு, அதனாலதான் இப்படி எழுதறோம்னு எனக்குத் தோணுது.

முதல்ல இருந்து சொல்றேன். அவங்க சொந்தப் பேரு ஆர்லெட். ரியோ டி ஜெனிரோவோட புறநகர்ப் பக்கம், சாதாரணக் குடும்பம், அப்பா மெக்கானிக், அம்மா வழியில இத்தாலி, அப்பா வழியில போர்ச்சுகல். சின்ன வயசுலயே அரசாங்க ரேடியோல சேந்து அறிவிப்பு சொல்றது, ரேடியோ நாடகத்துல பேசறது, கதைகள நாடகமா மாத்தி எழுதறதுன்னு எல்லாத்தையும் செஞ்சிருக்காங்க. பெர்னாண்டாங்கற பேரு பழைய நாவல்ல வர்ற பேரு மாதிரி இருக்குன்னு வச்சிக்கிட்டாங்களாம், மான்டெநெக்ரோ குடும்பத்துக்குத் தெரிஞ்ச ஒரு ஹோமியோபதி டாக்டரோட பேரு. 1950ல முதல் மேடை நாடகம், அந்த நாடகத்துல கூட நடிச்ச ஃபெர்னாண்டோ டோரஸையே கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க, 2008ல அவர் சாகற வரைக்கும் ரெண்டு பேரும் சேந்துதான் எல்லாமே.

இங்கதான் டிவி வருது. பிரேசில்ல டிவி ஆரம்பிச்சது 1950 செப்டம்பர்ல, சாவோ பாலோவுல, டுப்பிங்கற சேனல். அடுத்த வருஷமே ரியோலயும் டுப்பி வந்துச்சு, அங்க முதல்ல ஒப்பந்தம் போட்ட நடிகை இவங்கதான்னு சொல்லுவாங்க. அதாவது அந்த நாட்டு டிவியும் இவங்க நடிப்பும் கிட்டத்தட்ட ஒரே நேரத்துல பிறந்தது. அப்ப வீடியோ டேப் கிடையாது. எல்லாமே லைவ். செர்ஜியோ பிரிட்டோ தலைமையில 'கிராண்ட் தியேட்டர்'னு ஒரு நிகழ்ச்சி, வாரம் ஒரு நாடகம், பெரிய பெரிய நாடகாசிரியர்கள் எழுதினது, பெரிய நாவல்கள்ல இருந்து எடுத்தது, மொத்த நாடகத்தையும் நாலஞ்சு நாள்ல மனப்பாடம் பண்ணி, ஒரே ஸ்டுடியோக்குள்ள செட்டுக்கு செட்டு ஓடி, டயலாக் மறந்தா ஊரே பார்க்கும்ங்கற பயத்தோட நடிக்கணும். அடுத்த வாரம் வேற நாடகம், வேற ஆளு. இப்படி நானூறுக்கு மேல நாடகம் அந்தக் குழு போட்டிருக்கு. இன்னிக்கு அதுல ஒண்ணையும் பார்க்க முடியாது, பதிவே பண்ணலையே, காத்துல போச்சு. எனக்கு இத நினைச்சாலே மனசு பதறுது. உலகத்துல எந்த நடிப்புப் பள்ளிக்கூடம் ஒருத்தருக்கு இந்த மாதிரி பயிற்சி குடுத்திருக்கும்? அவங்களுக்கு ஆஸ்கார் நாமினேஷன் வாங்கிக் குடுத்த 'சென்ட்ரல் ஸ்டேஷன்' படத்துல, நாம பார்த்து வாயப் பொளக்கற டோராங்கற பாத்திரத்தோட மூஞ்சி இருக்கே, ஒரு செகண்டுல கோபம் போய் வெக்கம் வந்து அப்புறம் ரெண்டையும் மறைக்கப் பார்க்கிற அந்த மூஞ்சி, அது அந்த லைவ் ஸ்டுடியோல உருவானதுன்னுதான் நான் நம்பறேன்.

மேடையையும் அவங்க விடல. 1959ல கணவரோடயும் செர்ஜியோ பிரிட்டோ, இத்தாலோ ரோசி, இத்தாலியில இருந்து வந்த ஜியானி ராட்டோ இவங்களோடயும் சேந்து சொந்தமா ஒரு நாடகக் குழு ஆரம்பிச்சாங்க. பிரேசிலோட பெரிய நாடகாசிரியர் நெல்சன் ரொட்ரிகஸ்கிட்ட எங்களுக்கு ஒரு நாடகம் எழுதிக் குடுங்கன்னு விடாம கேட்டுக் கேட்டு வாங்கினாங்க, 1961ல அது மேடைக்கு வந்துச்சு, இன்னிக்கு வரைக்கும் அங்க அத போட்டுட்டே இருக்காங்க. அப்புறம் ராணுவ ஆட்சி வந்துச்சு. 1964ல இருந்து 1985 வரைக்கும் இருபத்தியோரு வருஷம். 1973ல சிக்கோ புவார்க்கியும் ருய் கெர்ராவும் எழுதின 'கலபார்' நாடகத்த ஃபெர்னாண்டோ டோரஸ் தயாரிச்சார், புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் சேந்து கையில இருந்த காசெல்லாம் அதுல போட்டாங்க, ஒத்திகை முடிஞ்சு செட்டு துணிமணி எல்லாம் ரெடி ஆன நேரத்துல சென்சார் தடை போட்டுருச்சு. மேடையே ஏறல. பெரிய நஷ்டம். அதுக்கப்புறமும் நாட்டை விட்டுப் போகாம, நாடகத்த விடாம, ஊர் ஊரா போய் நடிச்சாங்கங்கறத நினைச்சுப் பாருங்க.

சினிமாவுக்கு வந்தது லேட்டு. 1965ல லியோன் ஹிர்ஸ்மன் எடுத்த 'இறந்தவள்', அதுவும் நெல்சன் ரொட்ரிகஸ் நாடகம்தான். ரியோ புறநகர்ல இருக்கற ஒரு ஏழைப் பொண்ணு, வாழ்க்கையில ஒண்ணும் கிடைக்கல, சாவாவது ஊரே பேசற மாதிரி பெரிய சவ ஊர்வலத்தோட நடக்கணும்னு அதே நினைப்பா இருக்கா. அப்பவே முப்பத்தஞ்சு வயசு இவங்களுக்கு. இதே ஹிர்ஸ்மன் 1981ல எடுத்த 'பிளாக் டை போடாதவங்க' படம் வெனிஸ் திரைப்பட விழாவுல ஜூரி பரிசு வாங்குச்சு, சாவோ பாலோ மெட்டல் தொழிற்சாலைத் தொழிலாளிங்களோட ஸ்டிரைக் பத்தின படம், அப்பா ஸ்டிரைக்ல நிக்கறார், மகன் ஸ்டிரைக்கை உடைச்சு வேலைக்குப் போறான், நடுவுல ரொமானாங்கற அம்மாவா இவங்க. அதுல கடைசியில ஒரு காட்சி வரும். கூட இருந்த தோழர் ஒருத்தரைச் சுட்டுக் கொன்னுட்டாங்க. வீட்டுக்கு வந்து புருஷனும் பொண்டாட்டியும் மேஜை முன்னாடி உக்காந்து சமையலுக்குப் பயறு பொறுக்கறாங்க. நல்லது ஒரு பக்கம், சொத்தை ஒரு பக்கம். பேச்சே கிடையாது. அந்த அம்மா கையும் அந்த மனுஷன் கையும் மேஜை மேல நகருது, கண்ணுல தண்ணி நிக்குது, பயறு மேஜையில விழற சத்தம் மட்டும் கேக்குது. பிரேசில் சினிமாவப் பத்திப் பேசற யாரும் அந்தக் காட்சிய விட்டுட்டுப் பேசமாட்டாங்க. அங்க இவங்க கூட நடிச்சவர் ஜியான்ஃபிரான்செஸ்கோ குவார்னியேரி, இந்தப் படத்துக்கு மூலமான, 1958ல மேடையேறின நாடகத்த எழுதினவரே அவர்தான். நீங்க ஒரே ஒரு காட்சிய வச்சு இவங்கள வாசகருக்கு அறிமுகப்படுத்தணும்னா ஆஸ்கார் மேடைய விட்டுட்டு இத எழுதுங்க.

இப்ப சீரியலுக்கு வர்றேன். பிரேசில் சீரியல் நம்ம ஊரு சீரியல் மாதிரி வருஷக்கணக்கா இழுக்காது. திங்கள்ல இருந்து சனி வரைக்கும் ஓடும், ஆறு எட்டு மாசத்துல கதை முடிஞ்சுரும், ஊரே உக்காந்து கடைசி எபிசோடைப் பார்க்கும். எழுதறவர் ஓட ஓட எழுதிக்கிட்டே இருப்பார், ஜனங்களுக்கு யாரைப் புடிக்குது யாரைப் புடிக்கலன்னு பார்த்துக் கதைய மாத்துவார், அதனால நடிக்கறவங்களுக்கு நாம கடைசில யாரு, நல்லவரா கெட்டவரான்னு கூட முன்னாடியே தெரியாது. 1983ல குளோபோ சேனல்ல சில்வியோ டி ஆப்ரூ எழுதின 'ஆண் பெண் யுத்தம்'னு ஒரு காமெடி சீரியல், அதுல இவங்களும் பாலோ ஆத்ரானும் சண்டைக்கார முறைக்காரங்க, ஒரே சொத்துக்கு வாரிசு. பாலோ ஆத்ரான் சாதாரண ஆள் இல்ல, அந்த நாட்டு மேடையோட ராஜா மாதிரி. இந்த ரெண்டு பெரிய மனுஷங்களும் காலைச் சாப்பாட்டு மேஜையில எதிரெதிரா உக்காந்து கேக், பால், பழம், ஜூஸ்னு கைக்குக் கிடைச்சத எல்லாம் ஒருத்தர் மேல ஒருத்தர் வீசி அடிச்சுக்கற ஒரு காட்சி இருக்கு, நாப்பது வருஷம் ஆகியும் பிரேசில்ல அத மறுபடி மறுபடி போடறாங்க. பயறு பொறுக்கற காட்சி வந்து ரெண்டு வருஷம்தான் ஆயிருந்துச்சு அப்ப. அதே பொம்பளை. அதே மேஜை. ஒண்ணுல மூச்சு விடக்கூட பயமா இருக்கு, இன்னொண்ணுல வயிறு வலிக்கச் சிரிக்கிறோம். ரெண்டுலயும் அவங்க குடுக்கற கவனத்துல துளி வித்தியாசம் கிடையாது, அந்த கேக்கை எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு நொடி முகத்த சீரியஸா வச்சிக்கிட்டு நிதானமா எடுப்பாங்க பாருங்க, அது அனுபவம் இல்லாம வராது.

சீரியலுக்குப் போய் திறமைய வீணடிச்சுட்டாங்கன்னு எழுதறவங்க இதையெல்லாம் பார்த்துட்டுத்தான் எழுதறாங்களான்னு எனக்குத் தெரியல. தேதிய வச்சே சொல்றேன். 1997 மே மாசத்துல இருந்து 1998 ஜனவரி வரைக்கும் குளோபோல ஏழு மணி காமெடி சீரியல்ல, வானத்துல பறக்கணும்னு கனவு காணற ஜாஜாங்கற அம்மாவா நடிச்சிட்டு இருந்தாங்க. அது முடிஞ்ச அடுத்த மாசம், 1998 பிப்ரவரி, பெர்லின் திரைப்பட விழாவுல 'சென்ட்ரல் ஸ்டேஷன்' படத்துக்குத் தங்கக் கரடி, இவங்களுக்குச் சிறந்த நடிகைக்கான வெள்ளிக் கரடி. 1999 ஜனவரியில குளோபோல 'ஆட்டோ டா கொம்பாடெசிடா'ங்கற நாலு பாகத் தொடர், அரியானோ சுவாசுனாவோட நாட்டுப்புற நாடகம், அதுல மாதாவா வந்து ஏழைங்களுக்காக வாதாடுவாங்க. அதுக்கு அடுத்த மாசம் ஆஸ்கார் நாமினேஷன். போர்ச்சுகீஸ் மொழியில நடிச்சு அந்த நாமினேஷன் வாங்கின முதல் ஆள். அதாவது உலகம் அவங்கள கண்டுபிடிச்ச அதே நேரத்துல அவங்க வீட்டு ஹால்ல ஓடற டிவிக்காக வேலை செஞ்சிட்டுதான் இருந்தாங்க, ஆஸ்காருக்கு அப்புறமும் ஹாலிவுட்ல போய் உக்காந்துக்கல, திரும்பி வந்து மறுபடி சீரியல், மறுபடி மேடை.

'சென்ட்ரல் ஸ்டேஷன்' பார்க்காதவங்களுக்காக ரெண்டு வார்த்தை. டோரா ரிட்டயர்டு டீச்சர். ரியோவோட பெரிய ரயில்வே ஸ்டேஷன்ல ஒரு மேஜை போட்டு உக்காந்து, எழுதப் படிக்கத் தெரியாதவங்க சொல்லச் சொல்ல லெட்டர் எழுதிக் குடுத்து காசு வாங்குவா. ஆனா அந்த லெட்டர்கள போஸ்ட் பண்ணமாட்டா. வீட்டுக்குக் கொண்டு போய்ப் படிச்சு சிரிப்பா, கிழிப்பா, இல்லன்னா டிராயர்ல போட்டு வைப்பா. லெட்டர் எழுத வந்த ஒரு பொண்ணு ஸ்டேஷன் வாசல்ல பஸ் மோதிச் செத்துப் போக, அவ மகன் ஒன்பது வயசுப் பையன் அநாதையா நிக்கறான், டோரா அவன ஒரு கும்பலுக்கு வித்து, அந்தக் காசுல புது டிவி வாங்கறா. அவ்வளவு மோசமான ஆளு. அப்புறம் மனசு கேக்காம அவன மீட்டுக்கிட்டு அவன் அப்பனைத் தேடி வடகிழக்குப் பக்கம் வறண்ட பூமியெல்லாம் பஸ்ஸுல லாரியில போறா. டைரக்டர் வால்டர் சாலஸ் நிஜ ஸ்டேஷன்லயே ஷூட்டிங் பண்ணார், அந்தக் கூட்டத்துல இருந்த நிஜ ஜனங்க இது உண்மைன்னு நினைச்சு அவங்க முன்னாடி வந்து உக்காந்து நிஜமாவே லெட்டர் சொன்னாங்க, அதுல சிலது படத்துலயும் இருக்கு. அந்தப் பையன் வினிசியுஸ் டி ஒலிவெய்ரா ரியோ ஏர்போர்ட்ல ஷூ பாலிஷ் போட்டுட்டு இருந்தவன், அதுக்கு முன்னாடி சினிமா தியேட்டருக்கே போனதில்லையாம். ஐம்பது வருஷம் நடிச்ச ஒருத்தங்களும் கேமராவையே பார்க்காத ஒரு பையனும் ஒரே ஃபிரேம்ல. அவனை மிஞ்சணும்னு அவங்க எங்கயுமே நினைக்கல. அவன் பேசறத கேக்கறாங்க, அவ்வளவுதான் செய்யறாங்க நிறைய இடத்துல. அந்தக் கேக்கற நடிப்புக்குத்தான் பெர்லின் பரிசு குடுத்துச்சுன்னு நான் சொல்லுவேன். இன்னொரு விஷயம், அந்தப் படத்தோட திரைக்கதைய எழுதின ரெண்டு பேர்ல ஒருத்தர் ஜோவாவோ எமானுவேல் கார்நெய்ரோ, அவர் பின்னாடி 'அவெனிடா பிரேசில்'ங்கற, நூத்துக்கும் மேல நாடுகள்ல ஓடின சீரியலை எழுதினவர். சினிமா ஒரு பக்கம் சீரியல் ஒரு பக்கம்னு கோடு போடறது நாமதான், அங்க இருக்கறவங்களுக்கு அப்படி இல்ல.

2005-06ல 'பெலிசிமா' சீரியல்ல பியா ஃபால்காவோன்னு ஒரு வில்லி. பணக்காரக் கிழவி, ஏழைங்கன்னாலே மூஞ்சி சுளிக்கறவ, பேத்தி வாழ்க்கையவே கெடுக்கறவ. கார் விபத்துல செத்துட்டான்னு நினைச்சா திரும்பி வருவா. கடைசில தண்டனை கூட கிடைக்காம பாரிஸுக்குத் தப்பிச்சுப் போயிடுவா, கூட ஒரு இளவட்டம். எழுபத்தாறு வயசுல இப்படி ஒரு வேஷம் எத்தனை பேருக்குக் கிடைக்கும், கிடைச்சாலும் எத்தனை பேரு ஏத்துக்குவாங்க. 2012ல 'டோசி டி மாயி' டெலிஃபிலிம், பிகுச்சாங்கற எண்பத்தஞ்சு வயசு அம்மா, வேலைக்காரி கல்யாணம் ஆகிப் போயிட்டா, இனி அம்மாவ யாரு வச்சிக்கறதுன்னு பிள்ளைங்க நாலு பேரும் முழிக்கறாங்க, அம்மாவோ தனியா சந்தோஷமா இருக்கேன் போங்கடான்னு நிக்கறா. 2013ல அதுக்கு நியூயார்க்ல இன்டர்நேஷனல் எம்மி, சிறந்த நடிகை. நடிப்புக்காக அந்த எம்மி வாங்கின முதல் பிரேசில்காரங்க இவங்க. உங்க கட்டுரையில வாங்காத ஆஸ்கார் இருக்கு, வாங்கின எம்மி இல்ல. டிவிக்குக் குடுத்தது ஆச்சே.

2015ல 'பாபிலோனியா' சீரியல் வந்துச்சு. அதுல தெரேசா, எஸ்டேலான்னு ரெண்டு வயசான பொம்பளைங்க, பல வருஷமா ஒண்ணா ஜோடியா வாழறவங்க. இவங்களும் நதாலியா டிம்பர்கும். ரெண்டு பேருக்கும் எண்பத்தஞ்சு வயசு. முதல் எபிசோட்லயே ரெண்டு பேரும் அன்பா முத்தம் குடுத்துக்கிட்டாங்க, நாடே ரெண்டா பிளந்துச்சு, பார்லிமென்ட்ல இருக்கற சுவிசேஷ சபை எம்.பி.க்கள் கூட்டா அறிக்கை விட்டு சீரியலைப் புறக்கணிங்கன்னாங்க, ரேட்டிங் இறங்கிப் போய் எபிசோடைக் குறைச்சு முடிக்க வேண்டி வந்துச்சு. அந்தம்மா ஒரு அடி பின்வாங்கல. எனக்கு இதுல இன்னும் பெருசா தெரியறது வேற. இந்த நதாலியா டிம்பர்க் யாரு தெரியுமா, ஐம்பதுகள்ல அந்த லைவ் நாடகங்கள்ல இவங்க கூடவே ஓடி ஓடி நடிச்சவங்க. அறுபது வருஷம் கழிச்சு அதே ரெண்டு பேரு, அதே டிவியில, முத்தம் குடுத்து ஒரு நாட்டையே சண்டை போட வைக்கறாங்க. அந்த ரெண்டு மூஞ்சிக்கு நடுவுல இருக்கற பழக்கமும் நம்பிக்கையும் நடிச்சு வர்றது மட்டும் இல்ல.

அரசியல்ல ஒதுங்கி நின்னவங்கன்னும் யாரும் நினைக்க வேண்டாம். ராணுவ ஆட்சி முடிஞ்சதும் 1985ல ஜனாதிபதி ஜோசே சார்னி கலாச்சார மந்திரியா வாங்கன்னு கூப்பிட்டார், நான் நடிகை, என் இடம் மேடைன்னு மறுத்துட்டாங்க. 2019ல, வலதுசாரி ஜனாதிபதி போல்சொனாரோ ஆட்சி நடந்துட்டு இருந்தப்ப, ஒரு இலக்கியப் பத்திரிகை அட்டையில புத்தகக் குவியல் மேல நெருப்புக்குக் காத்திருக்கற சூனியக்காரி மாதிரி நின்னாங்க, புத்தகத்துக்கும் கலைக்கும் வர்ற ஆபத்த சொல்றதுக்காக. அரசாங்கக் கலை நிறுவனத்துல பதவியில இருந்த ராபர்ட்டோ ஆல்விம் அவங்கள ரொம்பக் கேவலமா திட்டினார், தொண்ணூறு வயசு ஆகப்போற ஒரு அம்மாவ. நாட்டுக் கலைஞர்கள் எல்லாம் அவங்க பக்கம் நின்னாங்க. அதே ஆல்விம் அடுத்த ஜனவரியில ஹிட்லரோட பிரசார மந்திரி கோயபல்ஸ் பேச்சைத் திருப்பிச் சொன்ன மாதிரி ஒரு வீடியோ போட்டு பதவியே போச்சு. இவங்க 2021 நவம்பர்ல பிரேசில் இலக்கிய அகாடமிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, அடுத்த வருஷம் 17ஆம் நாற்காலியில போய் உக்காந்தாங்க. 2024 ஆகஸ்ட்ல சாவோ பாலோ இபிராபுவேரா பூங்காவுல பிரெஞ்சு தத்துவ எழுத்தாளர் சிமோன் டி பூவாவோட எழுத்தை மேடையில தனியா உக்காந்து வாசிச்சாங்க, கேக்கறதுக்கு பதினஞ்சாயிரம் பேரு புல்வெளியில. தத்துவம் கேக்க. ராக் கச்சேரிக்கு இல்ல. கின்னஸ்ல கூட பதிஞ்சிருக்கு அது.

மகளப் பத்தி ஒரு வார்த்தை. ஃபெர்னாண்டா டோரஸ் 1986லயே இருபது வயசுல கான்ஸ் திரைப்பட விழாவுல சிறந்த நடிகை விருது வாங்கினவங்க, அதுக்கப்புறம் பிரேசில்ல அவங்கள ஜனங்க கொண்டாடினது டிவி காமெடியில. 2025 ஜனவரியில கோல்டன் குளோப் வாங்கினப்ப வெளிநாட்டுக்காரங்க இவங்க காமெடி நடிகையான்னு ஆச்சரியப்பட்டாங்க, அம்மாவப் பார்த்தவங்களுக்கு அதுல ஆச்சரியமே இல்ல. அந்த விருதை அம்மாவுக்குத்தான் குடுத்தாங்க மேடையில. 2005ல ரெண்டு பேரும் சேந்து நடிச்ச 'மணல் வீடு' படம் கிடைச்சா பாருங்க, மரன்யோன் மாநிலத்து மணல் குன்றுக்கு நடுவுல எடுத்தது, கதை 1910ல ஆரம்பிச்சு 1969 வரைக்கும் போகும், வருஷம் ஓட ஓட அம்மாவா இருந்தவங்க மகளோட வயசான வேஷத்துக்கு மாறுவாங்க, மகள் பேத்தியா மாறுவாங்க. குழப்பமா தோணும், பார்க்கும்போது துளி குழப்பம் இல்ல.

'ஐம் ஸ்டில் ஹியர்'லயும் அதேதான் நடக்குது, அத நீங்க ஒரு வரியில தாண்டிட்டீங்க. 1971 ஜனவரியில ராணுவம் ரூபன்ஸ் பைவாவ ரியோ வீட்டுல இருந்து கூட்டிட்டுப் போச்சு, திரும்பி வரல. மனைவி யூனிசி அஞ்சு பிள்ளைங்களோட தனியா நின்னு, அப்புறம் சட்டம் படிச்சு வக்கீலாகி, 1996லதான் புருஷனோட இறப்புச் சான்றிதழையே வாங்கறாங்க. படம் முழுக்க மகள் யூனிசியா நடிக்கறாங்க, கடைசில சில நிமிஷம் மட்டும், எல்லாத்தையும் மறந்து போன வயசான யூனிசியா அம்மா வர்றாங்க. டயலாக் ஒண்ணு கூட இல்ல. வீல்சேர்ல உக்காந்திருக்காங்க, வீட்டுல டிவி ஓடுது, ராணுவ ஆட்சிக் கொடுமைகள விசாரிச்ச கமிஷன் பத்தி நியூஸ், அதுல ரூபன்ஸ் போட்டோ வருது. அந்தக் கண்ணுல என்னவோ அசையுது. அழுகைன்னும் சொல்ல முடியல, சிரிப்புன்னும் சொல்ல முடியல, அடையாளம் தெரிஞ்சுதான்னு கூட உறுதியா சொல்ல முடியல, ஆனா நாம நொறுங்கிப் போறோம். எழுபது வருஷம் டிவிக்குள்ள இருந்து ஜனங்களப் பார்த்த ஒருத்தங்க, இப்ப டிவிய பார்க்கற ஒருத்தியா உக்காந்திருக்காங்க. இத 'கௌரவ வேடம்'னு போட்டிருந்தீங்க. கௌரவத்துக்காக வந்துட்டுப் போனவங்க மாதிரியா இருக்கு அது? மொத்தப் படத்தையும் தோள்ல வாங்கிக்கற காட்சி அது.

அதனால ஒரு வேண்டுகோள். அவங்களப் பத்தி ஒரு முழுப் பக்கம் போடுங்க. பரிசுப் பட்டியல் வேண்டாம், டிவி, மேடை, சினிமா மூணையும் சேத்து எழுதுங்க. ஆரம்பிக்கறதுக்கு 'விட்டோரியா'வ எடுத்துக்கலாம், 2025ல வந்த படம், மருமகன் ஆண்ட்ருச்சா வாடிங்டன் டைரக்ட் பண்ணது. முதல்ல ஆரம்பிச்ச டைரக்டர் பிரெனோ சில்வெய்ரா 2022ல ஷூட்டிங் நடக்கும்போதே இறந்து போயிட்டார், அப்புறம் இவர் கையில எடுத்தார். கதை நிஜத்துல நடந்தது. கோபகபானா பக்கம் ஒரு மலைச்சரிவுக் குடியிருப்பு, ஜன்னலுக்கு எதிரே போதை மருந்து விக்கறாங்க, போலீஸும் கூட்டு, தனியா இருந்த வயசான ஒரு அம்மா கடன்ல கேமரா வாங்கி ஜன்னல் ஓரமா நின்னு எல்லாத்தையும் படம் புடிச்சாங்க. அத 'எக்ஸ்ட்ரா'ங்கற பேப்பரோட ரிப்போர்ட்டர் ஃபாபியோ குஸ்மான் 2005ல வெளியிட்டார், போலீஸ்காரங்க உட்பட பலர் உள்ள போனாங்க, அந்த அம்மா பேரை மறைச்சு, ஊரை விட்டு சாட்சிப் பாதுகாப்புல பதினேழு வருஷத்துக்கு மேல வாழ்ந்து 2023ல இறந்தாங்க. அப்பதான் அவங்க ஜோவானா டா பாஸ், கறுப்பினப் பெண்மணின்னு வெளி உலகத்துக்குத் தெரிஞ்சுது, ஒரு வெள்ளைக்கார நடிகை அந்த வேஷத்துல நடிச்சது சரியான்னு அங்க கேள்வி வந்துச்சு. நியாயமான கேள்விதான், உங்க கட்டுரையில அதையும் எழுதுங்க, பாராட்டறதுக்காக மறைக்க வேண்டாம். பேரையும் முகத்தையும் ரகசியமா வச்சிருந்த காலத்துல ஆரம்பிச்ச படம்ங்கறதையும் சேத்து எழுதுங்க.

ஒரு பேப்பரும் ஒரு ரிப்போர்ட்டரும் ஒரு கிழவிய நம்பின கதை அது, உங்க ஆபீஸ்ல இருக்கற இளம் நிருபர் யாராவது ஒருத்தர உக்கார வச்சு பார்க்கச் சொல்லுங்க. பார்த்துட்டு 'பிளாக் டை' படத்துல வர்ற பயறு காட்சியையும், 1983 சீரியல்ல வர்ற அந்தச் சாப்பாட்டுச் சண்டையையும் இணையத்துல தேடிப் பார்க்கச் சொல்லுங்க, ரெண்டும் கிடைக்குது. அதுக்கப்புறம் எழுதட்டும். ஆஸ்கார் கதை வேணும்னா கடைசிப் பத்தியில வரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் பத்திரிகையின் நெடுநாள் வாசகி,
மதுரை